தொப்பூர் கணவாயைத் தாண்டி வரும் மீன்

தருமபுரியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்க வருகிற எல்லோருக்கும்,

வணக்கம். போன ஞாயிறு என் கடையில் நடந்ததிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மணி எட்டு இருக்கும். ஒரு அண்ணன் வண்டியை நிறுத்தாமல், ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டு, "வஞ்சிரம் என்ன விலை?" என்றார். "இன்னைக்கு இல்லண்ணே, மீன்பிடித் தடைக்காலம்" என்றேன். "அந்தக் கடையில இருக்குதே?" என்றார். "இருக்கும்ணே. எந்தக் கடல்ல, எப்பப் பிடிச்சதுன்னு கேட்டு வாங்குங்க" என்றேன். "மீன்கடை வெச்சிக்கிட்டு மீன் இல்லன்னு சொல்ற ஆள இப்பதான் பாக்கறேன்" என்று வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்து நின்ற அக்கா, "சித்திரை பொறந்தா இந்தம்மா இதே பாட்டத்தான் பாடும்" என்று பக்கத்து அக்காவிடம் சொன்னார். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

ஒரு கையில் கத்தி, ஒரு கையில் தராசுத் தட்டு, முன்னால் பத்துப் பேர். அந்த நேரத்தில் எதையும் விளக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். தரங்கம்பாடிக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் ஒரு மீனவக் கிராமம் எனக்குப் பிறந்த வீடு. அப்பா முதலில் கட்டுமரத்தில் போனார், சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகில். அம்மா ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்து, திருவாரூர் பக்கம் தெருத்தெருவாக விற்றவர். என்னைக் கட்டியவர் உங்கள் ஊர்க்காரர். மீன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் ஐஸ் ஏற்றக் காத்துக்கிடந்த நேரத்தில் பழக்கம். அது பெரிய கதை, இங்கே வேண்டாம்.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் போன் பண்ணி, "தொப்பூர் கணவாய் தாண்டிட்டேன், இன்னும் அரை மணி நேரத்துல வீடு" என்பார். எங்கள் கரையில் கணவாய் என்றால் ஒன்றுதான் தெரியும், வலையோடு மேலே வந்ததும் மேலெல்லாம் மையைக் கக்குமே, அது. "தொப்பூர் கணவாய்ன்னா ஓட்டுக் கணவாயா, ஊசிக் கணவாயா?" என்று நான் உண்மையாகவே கேட்டேன். மனிதர் இன்றுவரை சொந்தக்காரர் வீட்டு விசேஷத்திலெல்லாம் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். அப்புறம் அந்த மலைப்பாதையை நேரில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேலத்திலிருந்து லோடோடு வரும்போது ஏற்றம், பரவாயில்லை. வெறும் பெட்டிகளோடு திரும்பும்போது இறக்கம். அங்கே பிரேக் பிடிக்காமல் போன லாரிகளின் கதை உங்களுக்கே தெரியும். உங்கள் தட்டுக்கு வருகிற கடல் மீன், கரையில் ஒரு ஆபத்தையும் இந்த மலையில் ஒரு ஆபத்தையும் கடந்துதான் வருகிறது.

சரி, தடைக்காலத்துக்கு வருகிறேன்.

தமிழ் வருஷப் பிறப்புக்கு மறுநாள், ஏப்ரல் 15 அன்று தொடங்கி ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகும் இழுவைப்படகும் கடலுக்குப் போகக் கூடாது. 2001இல் கொண்டுவந்தபோது 45 நாளாக இருந்தது, 2017இலிருந்து 61 நாள். மீன் சினை விட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதற்காக. நாட்டுப்படகுகளுக்குத் தடை கிடையாது. ஆனால் அவை கரையோரமாகப் போய் நாலு கூடை கொண்டுவந்தால், கரை ஏறும் முன்பே உள்ளூர்க்காரர்கள் ஏலத்தில் எடுத்துவிடுவார்கள். அதில் தருமபுரிக்கு லாரி ஏற்றுவதற்கு என்ன மிஞ்சும்?

மேற்குக் கரைக்குத் தடை பிந்தித்தான். கர்நாடகத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, கேரளத்தில் அதற்கு ஒரு வாரம் தள்ளித் தொடங்கும். அதனால் சித்திரை, வைகாசியில் என் கடைக்கு வருவது பெரும்பாலும் மங்களூர், மல்பே, கேரளத்து மீன். நான் அதைச் சொல்லித்தான் விற்கிறேன். நாங்கள் கானாங்கெளுத்தி என்பதை மலையாளக் கரையில் அயிலை என்பார்கள். ஓசூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பாங்குடே என்று கேட்பார்கள். மூன்றும் ஒரே மீன். ஒரு பெரியவர் மூன்று வாரம் மூன்று பெயரில் வாங்கிப் போய், "பாங்குடேதான் ருசி, கானாங்கெளுத்தி சுமார்" என்று எனக்கே தீர்ப்பு சொன்னார். நான் மறுக்கவில்லை. இன்னொரு மீனுக்கு எங்கள் ஊரில் கவலை என்று பெயர். "கவலை இருக்காக்கா?" என்று கேட்பவர்களிடம், "வேண்டிய அளவுக்கு இருக்கு" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

உண்மையான திண்டாட்டம் ஜூன் முதல் இரண்டு வாரம். கிழக்கு மூடியிருக்கும், மேற்கும் மூட ஆரம்பித்திருக்கும். அந்த நேரத்தில் எங்காவது பளபளவென்று வஞ்சிரம் துண்டு அடுக்கியிருந்தால், பெரும்பாலும் அது குளிர்பதனக் கிடங்கிலிருந்து இறங்கியது. கிடங்கில் வைப்பது குற்றம் ஒன்றும் இல்லை. "நேத்து ராத்திரி பிடிச்சது" என்று சொல்லி விற்பதுதான் குற்றம். அந்தப் பொய்யை நீங்கள் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிவிட்டு, உண்மையைச் சொன்ன என்னிடம் வண்டியை முறுக்குகிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொன்றும் உண்டு, இதைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வரலாம். தடை முடிந்து ஜூன் நடுவில் படகுகள் இறங்கியதும் கடல் அள்ளிக் கொடுக்கும். சங்கரா, பாரை, கிழங்கான், நண்டு என்று பெட்டி பெட்டியாக வரும். ஆடி, ஆவணி கடந்து புரட்டாசியிலும் நல்ல மீன் மலிவாகவே கிடைக்கும். அப்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? தருமபுரியே நாமம் போட்டுக்கொண்டு பெருமாள் கோயில் வரிசையில் நிற்கிறது. அது முடிந்து மூச்சு விட்டால் கார்த்திகை மாலை. சாமி விஷயத்தில் நான் குறுக்கே வரவில்லை. என் மாமியார் வீட்டிலேயே புரட்டாசி பிறந்தால் மீன் சட்டி பரணுக்குப் போய்விடும். நான் கடையை மூடி, வந்து, தலைக்குக் குளித்த பிறகுதான் அடுப்படிக்குள் கால் வைக்கலாம். ஆனாலும் கணக்கைப் பாருங்கள். கடல் கொடுக்கும்போது நீங்கள் சைவம். கடல் கதவைச் சாத்தியதும் வஞ்சிரம். நான் எங்கே போவேன்?

கதவு சாத்திய அந்த 61 நாளும் கரை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்தால் நன்றாக இருக்கும். வெளியூர்க்காரர்கள் அதை லீவு என்று நினைக்கிறார்கள். படகுகளை மேலே ஏற்றி, பாசியும் சிப்பியும் சுரண்டி, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்து மாட்டுவார்கள். வலையை மணலில் விரித்துப் போட்டு, கால் கட்டைவிரலில் ஒரு கண்ணியை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசல் பார்ப்பார்கள். என் அப்பாவின் கட்டைவிரலில் அந்த நைலான் கயிறு அறுத்த கோடு ஒரு மோதிரம் மாதிரி இருக்கும். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாம் இந்த இரண்டு மாதத்துக்குள்தான், ஏனென்றால் ஆண்கள் அப்போதுதான் வீட்டில் இருப்பார்கள். வரவு மட்டும் நின்றுவிடும். கரையில் மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். டீசல், ஐஸ், சாப்பாடு கழித்து மீதியில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, அப்புறம் ஆட்களுக்கு. படகு போகாத நாளில் பங்கும் இல்லை. அரசாங்கம் குடும்பத்துக்கு நிவாரணம் கொடுக்கிறது, 5,000 ஆக இருந்தது 8,000 ஆகியிருக்கிறது. 61 நாளுக்கு 8,000. ஒரு நாளைக்கு எவ்வளவு என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். என் தம்பி இந்த மாதங்களில் கேரளக் கரைக்குப் போய் அங்கத்துப் படகில் ஏறிவிடுவான். அவன் அங்கே பிடித்த அயிலையை நான் இங்கே வெட்டியிருக்கவும் கூடும்.

சுனாமி பார்த்தீங்களா என்று சிலர் மீன் வெட்டும்போது கேட்கிறீர்கள். பார்த்தேன். எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். கடையில் நின்றுகொண்டு அதைச் சொல்ல எனக்கு வராது. அதை மட்டும் கேட்காதீர்கள்.

வேறு எது வேண்டுமானாலும் கேளுங்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "கடல் தண்ணி அவ்ளோ உப்பு, மீன் மட்டும் ஏன் உப்பா இல்ல?" என்று கேட்டான். இந்தக் கடையில் எனக்கு வந்த கேள்விகளிலேயே நல்ல கேள்வி அது. கடல் மீன் கடல் தண்ணீரைத்தான் குடிக்கிறது. உள்ளே போன உப்பில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. அதனால்தான் நீங்கள் குழம்புக்கு உப்புப் போடுகிறீர்கள். சுறாவும் திருக்கையும் வேறு மாதிரி. அவை உடம்பில் யூரியாவைத் தேக்கி வைத்துக்கொண்டு கடலின் உப்பைச் சமாளிக்கின்றன. செத்துச் சில மணி நேரம் போனால் அதுவே அமோனியாவாக மாறி மூக்கைத் துளைக்கும். பிள்ளை பெற்றவர்களுக்குப் பால்சுறா புட்டு செய்து கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம், இங்கேயும் கேட்டு வருகிறீர்கள், சந்தோஷம். ஆனால் காலையில் வாங்கிய சுறாவை ராத்திரி செய்யலாம் என்று மேடைமேல் வைத்துவிட்டு, மறுநாள் வந்து என்னோடு சண்டை போடாதீர்கள்.

அப்புறம், மீனைத் தொட்டுப் பாருங்கள். உங்களில் பாதிப்பேர் நகைக்கடைக் கண்ணாடிக்கு வெளியே நிற்கிற மாதிரி தள்ளி நின்று விரலை மட்டும் நீட்டுகிறீர்கள். எங்கள் அம்மா ஏலத்தில் மீனை எடுக்கும்போது பேசவே மாட்டார். கட்டைவிரலால் முதுகில் ஒரு அழுத்து, குழி உடனே மேலே வருகிறதா என்று பார்ப்பார். செவுளைத் தூக்கி ஒரு பார்வை, ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், செங்கல் நிறத்துக்கு வந்தால் ஒதுக்கிவிடுவார். கண் பிதுங்கி, தெளிவாக இருக்க வேண்டும். பனி மூடிய மாதிரி உள்ளே போயிருந்தால் அது பழசு. நண்டு என்றால் கையில் தூக்கி எடை பார்ப்பார், பெரிதாக இருந்து கனமில்லாவிட்டால் உள்ளே தண்ணீர்தான். இவ்வளவும் செய்ய அவருக்குப் பத்து நொடி போதும். என் கடையில் நீங்கள் பத்து நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழி விடியற்காலை நாலு மணிக்கு, உங்கள் ஊர்க் குளிரில், ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டு மீனை எடுத்து அடுக்குகிறவள் நான். அதற்கப்புறம் கொஞ்ச நேரத்துக்கு என் விரல்களுக்கு எதுவும் தெரியாது. நல்ல மீனா இல்லையா என்று உங்கள் விரலாவது பார்க்கட்டும்.

இனி நான் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். இங்கே வந்த புதிதில் ஆற்று மீனை நான் மதிக்கவே இல்லை. கடற்கரைக்காரிக்கு அந்தத் திமிர் இருக்கும். மண் வாடை அடிக்கும், முள் ஜாஸ்தி, அதெல்லாம் ஒரு மீனா என்பேன். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் ஆரால் மீன் வாங்கி வந்து, அடுப்புச் சாம்பலைப் போட்டு வழவழப்புப் போகும்வரை தேய்த்து, கல்லில் உரசிக் கழுவி, குழம்பு வைத்து, கேழ்வரகுக் களி உருண்டையின் நடுவில் குழி பண்ணி ஊற்றிக் கொடுத்தார். சோற்றுக்கு ஊற்றும் குழம்பு வேறு, களிக்கு ஊற்றும் குழம்பு வேறு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. களியை மெல்லக் கூடாது, தோய்த்து விழுங்க வேண்டும், அதனால் முள் எடுத்த மீன் தனியாக, குழம்பு தனியாக. நான் முள்ளோடு சேர்த்துக் களியை விழுங்கி, அரை வாழைப்பழம் சாப்பிட்டுத் தப்பித்தேன்.

அப்பா ஒருமுறை இங்கே வந்தார், ஒரே முறைதான். மொட்டைமாடியில் நின்று முகத்தைத் திருப்பி, "இங்கயும் கச்சான்தான் அடிக்குது" என்றார். மேற்கேயிருந்து வந்தால் கச்சான், கிழக்கே கொண்டல், வடக்கே வாடை, தெற்கே சோழகம். கடல் இல்லாத ஊரில் காற்றுக்கு ஏன் பெயர் என்று என் பெண் கேட்டாள், அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. மறுநாள் ஒகேனக்கல் கூட்டிப்போனோம். நாற்பது வருஷம் கடலில் கிடந்த மனிதர், பரிசலைப் பார்த்ததும் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டார். மூங்கிலைப் பின்னி, அடியில் தார் பூசிய அந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இதுல அணியம் எது, அமரம் எது?" என்றார். எங்கள் படகில் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். பரிசல்காரருக்கு வார்த்தை புரியவில்லை, நான் சொன்னேன். அவர் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு, "சுத்தற பக்கமெல்லாம் முன்னாடிதான் பெரியவரே, ஏறி உக்காருங்க" என்றார். அப்பா ஏறினார். ஆனால் கரை வந்து சேரும்வரை இரண்டு கையாலும் மூங்கில் விளிம்பைப் பிடித்த பிடியை விடவில்லை.

கரையில் மீனை நாமே வாங்கி, மசாலாவும் வாங்கிக் கொடுத்தால், விறகு அடுப்பில் சமைத்துத் தருகிற அக்காமார் இருக்கிறார்களே, அவர்களிடம் கொடுத்தோம். கெளுத்திக் குழம்பும் வறுத்த கட்லாவும். அப்பா சாப்பிட்டு முடித்துக் கையை நக்கிவிட்டு, "பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து ஆற்று மீனுக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அப்புறம் பாறை மேல் உட்கார்ந்து, தண்ணீரையே வெகுநேரம் பார்த்தார். "இதுவா அங்க வருது?" என்றார். பூம்புகாரில் கடலில் சேருகிற இடத்தில் காவிரியைப் பார்த்திருப்பவர்களுக்கு அந்தக் கேள்வி புரியும். இங்கே புகை மாதிரி எழும்பி விழுகிற ஆறு, அங்கே வரும்போது ஒரு வாய்க்கால் அளவுக்கு வந்தாலே பெரிது.

அதனால் நான் கேட்பது இதுதான். இந்த இரண்டு மாதம் ஒகேனக்கல் மீனையும், கிருஷ்ணகிரி அணை மீனையும், ஏரி மீனையும் சாப்பிடுங்கள். கிருஷ்ணகிரி அணைக்குச் சுற்றிப் பார்க்கப் போனால் வாசலில் நின்று வறுத்த மீன் சாப்பிடாமல் வருகிறீர்களா? அதே ஜிலேபி மீனை வீட்டுக்கு வாங்க மட்டும் ஏன் கௌரவம் இடிக்கிறது? என் கடையிலும் இப்போது கட்லாவும் ரோகுவும் இருக்கிறது. கடல் மீன் வாசம் இல்லாமல் முடியாது என்றால் கருவாடு இருக்கிறது. நெத்திலி, வாளை. தடைக்காலமும் மாங்காய்க் காலமும் ஒன்றாக வருவதை யோசித்துப் பார்த்தீர்களா? நெத்திலிக் கருவாடு, புளிப்பு மாங்காய் நாலு துண்டு, கத்தரிக்காய், கொஞ்சம் முருங்கைக்காய். கிருஷ்ணகிரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாங்காய்க்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. புளிக்கும் அப்படித்தான். சின்ன வயசில் எங்கள் ஊர் மளிகைக் கடையில் நல்ல புளி வேண்டும் என்றால் "கிருஷ்ணகிரிப் புளி" என்று கேட்டு வாங்குவோம். எங்கள் மீன் இங்கே வருவதற்கு முன்பே உங்கள் புளி எங்கள் சட்டிக்குள் வந்துவிட்டது. அந்த உறவிலாவது என்னை நம்பலாம்.

ஜூன் 14 நள்ளிரவு தாண்டியதும் படகுகள் இறங்கும். முதல் படகுகள் கரை திரும்பி, ஏலம் முடிந்து, ஐஸ் போட்டு, தொப்பூர் ஏறி இங்கே வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்கடுத்த ஞாயிறு சங்கராவும் நண்டும் நிச்சயம். வஞ்சிரம் வந்தால் வரும், வராவிட்டால் வரவில்லை என்றுதான் சொல்வேன். வண்டியை முறுக்கிக்கொண்டு போன அண்ணன் இதைப் படித்தால், அவருக்கு நல்ல சங்கராவாக நாலு எடுத்து வைக்கிறேன், செவுளைத் தூக்கி அவரே பார்த்துக்கொள்ளட்டும். வரும்போது எல்லோரும் பாத்திரமோ தூக்குவாளியோ கொண்டு வாருங்கள், கேரி பேக் கேட்காதீர்கள். ஆறு மணிக்கு முன்னால் வருகிறவர்கள் போணி நேரத்தில் மட்டும் பேரம் பேச வேண்டாம்.

இப்படிக்கு,
நீங்கள் மீன்காரம்மா என்று கூப்பிடுகிறவள்